பத்து லட்சத்தில் பதினெட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் சௌக்கியமாகவும் பசியோடும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வகத்தில் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயா?

பண்ணைக் குடியிருப்புக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வரிசையாக எட்டு வீடு, எங்களுடையது கடைசி. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டியவரை மக்காச்சோளம். இவருக்கு டிராக்டர் பட்டறையில் வேலை. காலையில் மனிதராகப் போகிறவர் சாயந்தரம் கிரீஸ் டப்பாவில் விழுந்து எழுந்தவராகத் திரும்புகிறார். போன் கிடையாது. கம்பெனி லாரி வாரத்துக்கு இரண்டு தடவை டவுனுக்குப் போகும். கடிதம் அதில்தான் போகும், அதில்தான் வரும்.

உன் அரைக்கொசுவுக்கு நேற்றோடு இரண்டு மாதம். கொசுவுக்குப் பிறந்தது அரைக்கொசு என்று ஆஸ்பத்திரியில் நீ விளையாட்டாகச் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டு இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறார். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு வந்த காய்ச்சலில் பால் வற்றிவிட்டது, அக்கா. என்னென்னவோ செய்து பார்த்தோம், வரவில்லை. இப்போது டப்பாப் பவுடர்தான். அவளுக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை, எனக்குத்தான்.

உன்னிடம் ஒரு வேலை. இங்கே எட்டு வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீரை வைத்தால் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறது. "இந்தத் தண்ணியில என்னமோ இருக்குங்க" என்றேன் இவரிடம். "இஞ்சின் ஆயிலையே குடிச்சு வளந்தவன் நான், என்னை ஒண்ணும் பண்ணலையே" என்கிறார். அவரை என்ன செய்தால் எனக்கென்ன? பவுடரைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீராயிற்றே. ஒரு பாட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். நீதான் தண்ணீரைப் பார்த்தே அதன் பூர்வோத்தரத்தைச் சொல்கிறவள் ஆயிற்றே. பார்த்துச் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்,
கொசு


பிப்ரவரி 19

அன்புள்ள கொசு,

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. நீ சுற்றியிருந்த பழைய துணிகளைப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. அரைக்கொசுவின் காலை எனக்காக ஒரு தடவை கடி, வலிக்காமல்.

வெள்ளைப் படிவு வெறும் சுண்ணாம்பு. பாத்திரத்துக்குக் கெடுதல், பிள்ளைக்கு இல்லை. என்னைக் கவலைப்பட வைத்தது வேறு விஷயம். சுற்றிலும் மக்காச்சோளம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான். மூட்டை மூட்டையாக உரம் போடுவார்கள். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும், கிணற்றில் நைட்ரேட்டாக வந்து சேரும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. அவர்கள் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போய்விடும். பயந்துகொண்டு பாதியில் நிறுத்தாதே, முழுதாகப் படி.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. மில்லிகிராமில் சொன்னால் பத்து லட்சம். அந்தப் பத்து லட்சத்தில் ஒரே ஒரு மில்லிகிராம் நைட்ரேட் கரைந்திருந்தால் அதை ஒரு பி.பி.எம். என்போம். நாற்பத்தைந்து வரை குடிக்கலாம், அதற்கு மேல் கூடாது.

இதைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் ஒரு மருந்து சேர்ப்போம். மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு நைட்ரேட். கருவியில் வைத்தால் அந்த மஞ்சளை எண்ணாகச் சொல்லும். உன் தண்ணீர் முதல் தடவை கருவியின் அளவுக்குள் அடங்கவில்லை. அதனால் அதில் பத்து மில்லி எடுத்து, சுத்த நீர் விட்டு நூறு மில்லியாக்கி, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். இந்தத் தடவை அடங்கியது. பதினெட்டு. நாற்பத்தைந்தில் பாதிகூட இல்லை. தைரியமாகக் கொடு.

இதையெல்லாம் மதிய இடைவேளையில் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு செய்தேன். முறைப்படி பதிவேட்டில் ஏற்றினால் மூன்று வாரம் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு மேல் பெரிய மேடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை என் அரைக்கொசு பட்டினி கிடப்பாளா? பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். நாலு மணித் தபாலுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். "நைட்ரேட் 18. குடிக்க உகந்தது" என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உன் வீட்டுக்காரரிடம் காட்டு.

கிருமி இருந்தாலும் இருக்கும். நன்றாகக் காய்ச்சிக் கொடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும்.

அந்தத் தாளை இவரிடம் காட்டினேன். வாங்கிக்கொண்டு போனவர் நேராகப் பம்ப்பு அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். "எங்க அண்ணி தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீஸ்ல இருக்காங்க, அவங்க எழுதினது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். என்னைக் கட்டிக்கொண்டதற்கு இப்போதுதான் முதல் தடவையாகப் பெருமைப்படுகிறார். பம்ப்பு ஆபரேட்டர் அந்தத் தாளைத் துடைத்து வேறு வைக்கிறார்.

நீ சொன்னபடி நன்றாகவே காய்ச்சுகிறேன். நீ ஒரு பங்கு சொன்னால் நான் மூன்று பங்கு செய்கிறவள் என்பது உனக்குத் தெரியாதா? மூன்று தம்ளர் வைத்து ஒரு தம்ளராகச் சுண்டும் வரை அடுப்பை விட்டு நகர மாட்டேன். ஒரு கிருமியும் தப்பிக்க முடியாது.

அரைக்கொசு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவைப் பார்த்து அல்ல, அப்பா கையிலிருக்கிற ஸ்பானரைப் பார்த்து. இரண்டு நாளாகக் கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறாள். உதட்டோரம் லேசாகக் கறுத்த மாதிரி தெரிகிறது. காலையில் குளிர் அதிகம், அதனால் இருக்கும். கம்பளிக் குல்லா ஒன்று பின்னி அனுப்பேன். உனக்கு நேரம் ஏது, கடையில் வாங்கியாவது அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
கொசு


மார்ச் 20

அண்ணிக்கு வணக்கம்.

நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும். குழந்தை போய்விட்டாள். 16ஆம் தேதி சாயந்தரம். தந்தி கொடுக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

13ஆம் தேதி பண்ணை டிஸ்பென்சரியில் காட்டினோம். சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். 16ஆம் தேதி காலையில் உதடும் நகமும் நீலமாகிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை. லாரியில் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மூன்று மணி நேரம் ஆயிற்று. ஊசியில் ரத்தம் எடுத்தார்கள், அது சிவப்பாக இல்லை அண்ணி, டிகாஷன் மாதிரி இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

டாக்டர் முதலில், "குழந்தைக்கு என்ன தண்ணி குடுக்கறீங்க? கிணத்துத் தண்ணியா?" என்றுதான் கேட்டார். "அதெல்லாம் டெஸ்ட் பண்ண தண்ணி சார், எங்க அண்ணியே ஆய்வகத்துல பாத்தது, பதினெட்டுதான்" என்றேன். நைட்ரேட்டா என்று கேட்டார், ஆமாம் என்றேன். "அப்ப அது இல்ல" என்று சொல்லிவிட்டு இருதயத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கான கருவி எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. வருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் தங்கை அழவில்லை. குழந்தையின் பாட்டிலைக் கழுவிக் கழுவி வைக்கிறாள். நீங்கள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்


ஏப்ரல் 2

அன்புள்ள கொசுவுக்கும் தம்பிக்கும்,

தம்பியின் கடிதம் 26ஆம் தேதி கிடைத்தது. நான் மூன்று வாரம் வெளியூரில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்ததால் கொசுவின் கடிதத்தையும் அதோடு சேர்த்து அன்றுதான் பிரித்தேன். குல்லா கேட்டிருந்தாய்.

உடனே வர வேண்டும். ஆனால் இங்கே ஆண்டுத் தணிக்கை நடக்கிறது, லீவு கிடைக்காது என்கிறார்கள். முடிந்ததும் வருகிறேன். கொசு, சாப்பிடு. தூக்கம் வராவிட்டாலும் படுத்துக்கொள். தம்பி, அவளைத் தனியாக விடாதீர்கள்.

அங்கே வேறு கைக்குழந்தை யாரும் இல்லையே? இருந்தால் எழுதுங்கள். பம்ப்பு அறையில் ஒட்டியிருக்கிற தாள் ஈரத்தில் நைந்திருக்கும், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். இனி அது எதற்கு?

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். நீ வர முடியாததைப் பற்றி வருத்தப்படாதே. வந்தாலும் நான் உன்னோடு என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே இப்போது வேறு குழந்தை இல்லை. இருந்த ஒன்றும் இல்லை. தாளை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உன் கையெழுத்து. தண்ணீர் பிடிக்கப் போகும்போது அதைப் பார்த்தால் நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்த டாக்டர் முதலில் தண்ணீரைத்தான் கேட்டார். எனக்கு அது மனதை விட்டுப் போகவே இல்லை. கிணற்றிலிருந்து வரும்போது பதினெட்டு. சரி. ஆனால் நான் அதை அப்படியே கொடுக்கவில்லையே! மூன்று தம்ளரை ஒரு தம்ளராகச் சுண்டக் காய்ச்சினேனே! காய்ச்சினால் நைட்ரேட் செத்துப்போகுமா, இல்லை அப்படியே இருக்குமா? சுண்டச் சுண்டக் குழம்பு உப்புக் கரிக்குமே, அந்த மாதிரி ஆகியிருக்குமா? அப்படியானால் பதினெட்டு எவ்வளவாக ஆகியிருக்கும்?

உனக்கு இது ஒரு வரிக் கணக்கு. போட்டு அனுப்பு. நீ கோபித்துக்கொள்வாயோ என்று பயப்படாமல் கேட்கிறேன், நீயும் நான் தாங்குவேனோ என்று பயப்படாமல் சொல். இவரிடம் கேட்டால், "போனது போச்சு, இனிமே எதுக்கு அந்தப் பேச்சு" என்று எழுந்து போய்விடுகிறார். பட்டறையில் போய் அழுகிறார் என்று பம்ப்பு ஆபரேட்டர் சொன்னார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கொசு


மே 30

அன்புள்ள கொசு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன், ஏதாவது வந்து குறுக்கிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? தம்பிக்கு முதுகுவலி என்று எப்போதோ எழுதியிருந்தாய், குறைந்ததா?

நீ கேட்டதைப் பற்றி: கணக்கையெல்லாம் விடு. எந்தக் கணக்குப் போட்டாலும் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை மட்டும் நம்பு. அதைப் பற்றி யோசிக்காதே.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆய்வகத்தில் இரண்டு மின்விசிறியில் ஒன்று பழுது. உனக்கு இரண்டு பருத்திப் புடவை வாங்கி அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 21

என் அன்பு அக்காவுக்கு,

புடவைகள் வந்தன. நிறம் பிடித்திருக்கிறது. நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை ஒரு வாரம் வைத்துவைத்துப் படித்தேன். ஒரு வரிக் கணக்கு கேட்டேன், நீ போடவில்லை. போடத் தெரியாதவளா நீ? பால்காரருக்கே மில்லி கணக்கில் பாடம் நடத்துகிறவள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பதில் உனக்குத் தெரியும், எழுதத்தான் மனம் வரவில்லை என்று.

போன வாரம் பண்ணைக்கு மண் பரிசோதகர் வந்திருந்தார். அவரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "தண்ணிதான்மா ஆவியாப் போகும், நைட்ரேட் எங்கயும் போகாது, உள்ளதான் கிடக்கும்" என்றார். மூன்று தம்ளர் ஒன்றானால் மூன்று மடங்கு. பதினெட்டு மூன்று, ஐம்பத்து நாலு. நாற்பத்தைந்துக்கு மேல் ஒன்பது. தரையில் கரித்துண்டால் போட்டுப் பார்த்தேன், அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஐம்பத்து நாலுதான் வருகிறது.

நல்ல தண்ணீரை நான்தான் விஷமாக்கிக் கொடுத்தேன், அக்கா. பெற்ற கையாலேயே. உனக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. எழுதினால் நான் செத்துப்போவேன் என்று பயந்து, ஒரு மாதம் தவித்து, மின்விசிறியைப் பற்றி எழுதினாய். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு பொத்திப் பாதுகாத்திருப்பாளா என்று தெரியவில்லை. உன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். லாரிக்குப் புது டிரைவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார். நாலாவது வீடு. அவர் மனைவிக்கு இருபது நாள் பிள்ளை, ஆண். அவளுக்கும் பால் போதவில்லை. முந்தாநாள் கூப்பிட்டுச் சொன்னேன். "தண்ணி நல்ல தண்ணிதான், எங்க அக்கா டெஸ்ட் பண்ணி சுவத்துல ஒட்டியிருக்கு பாரு. காய்ச்சாத. பச்சையாவே ஊத்திக் கரைச்சுக் குடு" என்று. என்னால் ஒரு பிள்ளையாவது பிழைக்கட்டும்.

என்றும் உன்,
கொசு


ஜூன் 27
தந்தி

டிரைவர் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்காதே. காய்ச்சியும் வேண்டாம் காய்ச்சாமலும் வேண்டாம். உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரி. தண்ணீரில் நைட்ரேட் 180 என்று டாக்டரிடம் சொல். கடிதம் வருகிறது. அக்கா.


ஜூன் 27

கொசு,

தந்தி கிடைத்து நீ செய்ய வேண்டியதைச் செய்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் பெருக்கல் சரி. நான் கொடுத்த எண்தான் தப்பு. உன் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது பதினெட்டு அல்ல, நூற்று எண்பது.

பத்து மில்லியை நூறு மில்லியாக்கினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பத்து மடங்கு நீர்க்கச் செய்துவிட்டால், கருவி காட்டுகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் மாதமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. பதிவேட்டில் "எத்தனை மடங்கு" என்று ஒரு கட்டமே இருக்கிறது, அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அதையும் மீறித் தப்பினால் பெரிய மேடம் பிடித்துவிடுவார். பதினாறு வருஷத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ ஊர்த் தண்ணீருக்கு நான் ஒரு தப்புச் செய்ததில்லை. உன் பாட்டிலை மட்டும் என் சொந்தம் என்று பதிவேட்டில் ஏற்றாமல், துண்டுச் சீட்டில், தபாலுக்கு நேரமாகிறது என்று ஓடிக்கொண்டே செய்தேன். கருவி பதினெட்டு என்றது. பதினெட்டு என்று எழுதினேன்.

தம்பியின் கடிதத்தில் ரத்தம் டிகாஷன் நிறம் என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே குளிர்பெட்டியில் மிச்சம் இருந்த பாதி பாட்டிலை எடுத்து, பதிவேட்டின் வெற்றுத் தாள் ஒன்றில் கட்டம் கட்டமாக நிரப்பி, யாருக்கும் காட்டாமல் முறையாகச் செய்தேன். கருவி மறுபடி அதே பதினெட்டைத்தான் காட்டியது. "எத்தனை மடங்கு" என்ற கட்டத்தில் பத்து என்று எழுதினேன். பேனா தானாகவே அடுத்த கட்டத்தில் 180 என்று எழுதியது.

நீ கேட்ட கணக்கு இதுதான். மூன்று தம்ளர் ஒரு தம்ளராகச் சுண்டினால், நூற்று எண்பது ஐந்நூற்று நாற்பதாகும். நீ காய்ச்சியது அதை ஏற்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன், இனி உன்னிடம் எதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நீ காய்ச்சாமலேயே கொடுத்திருந்தாலும் அது நாற்பத்தைந்தைப் போல நாலு மடங்கு. நான் 180 என்று எழுதியிருந்தால் நீ அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் பக்கத்திலேயே கொண்டுபோயிருக்க மாட்டாய். தைரியமாகக் கொடு என்றது நான். டாக்டரைத் திசை திருப்பியதும் என் எண்தான்.

லீவு கிடைக்கவில்லை என்றது பொய். நான் கேட்கவே இல்லை. உன் நன்மைக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்கு உலகத்தில் உன்னை விட்டால் யாருமில்லை, சொன்னால் நீயும் இருக்கமாட்டாய் என்ற பயம்தான். நீ நன்றி சொல்லி எழுதியதைப் படித்தபோதுகூட இன்னும் ஒரு நாள் போகட்டும் என்றுதான் நினைத்தேன், அவ்வளவு கேடுகெட்டவள் நான். டிரைவர் பிள்ளை என்ற வரிக்கு வந்ததும் தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

பெரிய மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையெழுத்தோடு பண்ணைக்கு அறிக்கை வருகிறது, கிணற்றை மூடுவார்கள். என்னை என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

நலமா என்று கேட்டு எழுத வரவில்லை.

தந்தி 29ஆம் தேதி லாரியில் வந்தது. இவர் பிரித்துப் படித்துவிட்டுப் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். நான் நாலாம் வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளைக்கு அன்று காலையிலிருந்தே உதடு ஒரு மாதிரி இருந்திருக்கிறது, அவள் மழைக்குளிர் என்று நினைத்திருக்கிறாள். அதே லாரி, அதே மூன்று மணி நேரம், அதே டாக்டர். இவர் தந்தியை நீட்டினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எங்களை ஞாபகம் இருந்தது அவருக்கு.

ஒரே ஒரு ஊசி, அக்கா. அந்த ஆஸ்பத்திரியிலேயே அலமாரியில் இருந்தது. போட்டு அரை மணி நேரத்தில் என் கண் முன்னாலேயே நீலம் போய்ச் சிவப்பு வந்தது. பிள்ளை வீல் என்று அழுதான். டிரைவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான்க்கா பொழச்சான்" என்றாள். நான் அந்தக் காலி மருந்துக் குப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அவன் நன்றாக இருக்கிறான். கிணற்றை மூடிவிட்டார்கள், டவுனிலிருந்து டேங்கரில் தண்ணீர் வருகிறது.

உன் மேல் புகார் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று இவர் குதிக்கிறார். நான் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. பத்தால் பெருக்க மறந்தது கை தவறியது. என் பிள்ளை சீக்கிரம் பால் குடிக்க வேண்டும் என்று ஓடினாய், அதில் தவறியது. என்றைக்காவது ஒரு நாள் நான் அதை மன்னித்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. உன்னைப் போலவே நானும் அவளுக்குக் கூடுதலாகச் செய்யப்போய்த்தானே சுண்டச் சுண்டக் காய்ச்சினேன்.

ஆனால் மார்ச் 26 முதல் ஜூன் 27 வரை, மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டால் வெளியே ஓடிவிடுவேன். இவர் பக்கத்தில் வந்தால், "என்னைத் தொடாதீங்க, கொன்ன கை இது" என்று சுவரோரம் ஒதுங்குவேன். பண்ணையின் பூச்சிமருந்துக் கிடங்கு வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தேன். என்னை அப்படி வைத்திருக்க நீ ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது. நான் கணக்குக் கேட்டு எழுதிய கடிதத்தை ஒரு மாதம் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் புடவைக்கு நிறம் பார்த்திருக்கிறாய்.

இங்கே வராதே. நானாக எழுதும் வரை நீயும் எழுதாதே. எழுதுவேனா என்று எனக்கே தெரியாது.

ஜூன் 21ஆம் தேதி உனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்துக்கொண்டு, உனக்கு நன்றி சொல்லி எழுதியது. அது உன்னிடம் இருக்க வேண்டாம். எனக்குத் திருப்பி அனுப்பிவிடு.